கரையைக் காத்தவன் யார்?

பழமை ஒருவனுக்கு உரிமையைத் தருமா? ஓர் இடத்துக்கு முதலில் வந்தவன் என்பதாலேயே பின்னால் வந்தவனைவிட அந்த இடத்தின்மேல் அவனுக்கு நியாயம் அதிகமா? எங்கள் பகுதி இளைஞர்கள் கூடும்போதெல்லாம் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடுகிறது. "நாமதான் இந்த மண்ணோட ஆதிக்குடி. ஏரி நம்மளுது, மண்ணு நம்மளுது. இவனுங்க நடுவுல வந்தவனுங்க" என்று ஒருவர் சொல்வார். கேட்பதற்கு நெஞ்சு நிமிரும். நூற்றாண்டுக் கணக்காக 'நீ இந்த ஊர்க்காரனே இல்லை' என்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவன், 'நான்தான் முதல் ஊர்க்காரன்' என்று சொல்லும்போது அதில் ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாதத்தின்மேல் நமது விடுதலையை ஏற்றி வைக்கலாமா, அது எடை தாங்குமா என்பதை நாம் நிதானமாக யோசித்தாக வேண்டும். அதற்கு எங்கள் ஏரிகளையே எடுத்துக்கொள்கிறேன்.

1

நான் வாலாஜாபாத் பக்கத்துக்காரன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஊரின் பெயரில் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா இருக்கிறார். வெள்ளைக்காரன் பட்டாளம் பாளையம் போட்டிருந்த ஊர். காஞ்சிபுரத்துப் பட்டுக்கு இங்கேயும் தறி ஓடும். ஆனால் பட்டுக்கும் பட்டாளத்துக்கும் கோயிலுக்கும் முன்னால் இந்தப் பூமியில் இருந்தது ஏரிதான். ஆற்றில் வருஷத்துக்குச் சில வாரம் தண்ணீர் ஓடும். அதைப் பிடித்து வைக்க மனிதன் மண்ணைக் குவித்துக் கரை போட்டான். கரை போட்ட இடத்தில் ஊர் வந்தது.

இந்த ஏரிக்கரை வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சாட்சிகளில் ஒன்று 'பெரும்பாணாற்றுப்படை'. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. வாலாஜாபாத் பக்கத்துத் தென்னேரி என்பதே திரையன் ஏரி என்கிற பெயரின் திரிபுதான் என்று சொல்வார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் இந்தப் பாட்டைப் படித்திருப்பார்கள். திரையனின் கொடையையும் கச்சியின் செல்வத்தையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நடுவில் வருகிற ஒரு குடியிருப்பைப் பற்றி யாரும் நின்று பேசியதில்லை. அது வலைஞர் குடியிருப்பு.

மீன் பிடிக்கிறவர்களின் குடிசைகளை அந்தப் புலவர் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறார். நாணல் கோலை வரிசையாக நிறுத்தி, இடையிடையே வெள்ளைக் கொம்புகளை வைத்து, தாழை நாரால் கட்டி, தருப்பைப் புல்லை வேய்ந்த கூரை. குனிந்து நுழைகிற தாழ்வான இறப்பு. முற்றத்தில் மீன் பிடிக்கிற பறிகள். புன்னைக் கிளையை வெட்டிப் போட்ட பந்தலில் பச்சைக் காய்கள் தொங்குகின்றன. கீழே மணல். அங்கே சின்னவர்களும் பெரியவர்களும் உறவுசனத்தோடு கூடியிருக்கிறார்கள். கயலும் இறாலும் துள்ளுகிற ஆழமான மடுவுக்குப் பிள்ளைகளோடு போய் வருகிறார்கள். வழியில் போகிற பாணனுக்கு அவர்கள் கொடுப்பது, குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி ஆற்றிப் புளிக்க வைத்த கள்ளும் சுட்ட மீனும்.

இன்றைக்குப் புரோகிதன் விரலில் மோதிரமாகப் போடுகிற தருப்பை, அன்றைக்கு மீன்காரன் வீட்டுக் கூரை. எந்தப் புல்லும் பிறக்கும்போதே புனிதமாகப் பிறப்பதில்லை. யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் புனிதமும் தீட்டும் ஒட்டவைக்கப்படுகின்றன.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது வேறு. அந்தப் புலவர் வலைஞரை அறிமுகப்படுத்தும்போது அவர்கள் மீன் பிடிப்பதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கோடை நீண்டாலும் வற்றாத ஆழமான குளம். அந்தக் குளத்தின் கரையைக் காத்துக்கொண்டிருக்கிறவர்கள் இவர்கள் என்கிறார். நீரில் வேலை செய்கிறவன்தான் நீரைக் காக்கிறவன் என்பது அந்தப் புலவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டாத, கண்ணால் பார்த்த செய்தி.

அதே பாட்டு கொஞ்சம் தள்ளி அந்தணர் குடியிருப்புக்கும் போகிறது. கோழியும் நாயும் கிட்டே வராத வீடுகள் அவை என்று சொல்கிறது. ஒரு முற்றத்தில் மீன் பறியும் கள்ளும், இன்னொரு முற்றத்தில் நாய்கூட நுழையாத சுத்தம். இரண்டும் ஒரே பாட்டில், ஒரே பாணன் நடந்து போகிற வழியில் இருக்கின்றன. அந்தப் பாணன் இரண்டு இடத்திலும் சாப்பிடுகிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். கோடு போட ஆரம்பித்திருக்கிறார்கள். அது இன்னும் சுவராக எழும்பவில்லை.

2

பாட்டை விட்டுவிட்டு மண்ணுக்கு வருவோம். பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க, பாறையும் சரளையுமாகக் கிடக்கிற மேட்டு நிலங்களில் வட்ட வட்டமாகக் கல் நட்ட பழைய புதைகுழிகள் இருக்கின்றன. எங்கள் சனங்கள் அவற்றைப் பாண்டவர் குழி என்பார்கள். மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் 1950-இலும் 1952-இலும் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. திருக்கழுக்குன்றம் பக்கத்துக் குன்னத்தூரில் அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் தோண்டியது. கறுப்பு-சிவப்பு மண்கலங்களும் இரும்புச் சாமான்களும் கிடைத்தன. கே.ஆர். சீனிவாசனும் என்.ஆர். பானர்ஜியும் 1953-இல் எழுதிய ஆய்வில் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார்கள். இந்தப் புதைகுழிகள் விவசாயத்துக்கு உதவாத மேட்டிலும் மலையடிவாரத்திலும் இருக்கின்றன. பக்கத்திலேயே ஏரி இருக்கிறது. அதற்குக் கீழே வயல் இருக்கிறது. நல்ல நிலத்தை உயிரோடிருப்பவர்களுக்கு விட்டு, உதவாத நிலத்தைச் செத்தவர்களுக்குக் கொடுத்தவர்கள், ஏரிப் பாசனம் அறிந்தவர்களாக இருந்திருக்கலாம் என்பது அதிலிருந்து பிறந்த ஊகம்.

2022-இல் ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டில் தோண்டியபோது அதற்கும் வெகு முந்தைய கற்கருவிகள் வந்தன. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு நடுவில் கல்லாயுதம். இந்தப் பூமியில் மனிதக் கை படாத அடுக்கு எதுவும் இல்லை என்பதற்கு இவ்வளவு போதும்.

தொல்லியல் குழியில் இறங்கி மண்வெட்டி பிடிக்கிறவர்கள் யார்? பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கூலிக்காரர்கள். கூடை சுமக்கிறவர்கள் பெண்கள். ஓட்டுச்சில்லு எது, வெறும் கல் எது என்று முதலில் தடவிப் பார்த்துச் சொல்வது அவர்கள் விரல். அறிக்கை வெளிவரும்போது குழிக்கு எண் இருக்கும், ஓட்டுச்சில்லுக்கு எண் இருக்கும். தோண்டிய கைக்கு ஒன்றும் இருக்காது. இது நேற்று வந்த வழக்கமா என்றால், அதுவும் இல்லை.

3

பாட்டுக்கு அடுத்து வருவது கல்வெட்டு. எங்களுக்குத் தெற்கே இருக்கிற உத்திரமேரூரை இந்தியா முழுக்கத் தெரியும். முதல் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். பெருமைப்படலாம். ஏரியைக் கவனிக்கத் தனியாக ஏரி வாரியம் வைத்த ஊர் அது. ஆனால் அந்த வாரியத்துக்கு யார் நிற்கலாம்? கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரியில் இறங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பாட்டில் கரையைக் காத்தவன், கல்வெட்டு காலத்தில் வாரியத்துக்கு வெளியே போய்விட்டான்.

தொண்டை மண்டலக் கல்வெட்டுகளில், படகில் போய் வண்டல் அள்ளிக் கரையில் கொட்டுவதற்குப் பொன் வைத்த புண்ணியவான்களின் பெயர் இருக்கிறது. ஏரி மீனைக் குத்தகைக்கு விட்டு எடுத்த வருமானத்துக்குப் பாசிப்பாட்டம் என்று பெயரும் இருக்கிறது. அள்ளியவன் பெயரும் பிடித்தவன் பெயரும் இல்லை. திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்து மருத்துவமனைக் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து நோயாளிகளுக்குப் படுக்கை, மருந்துகளின் பட்டியல், ஆளாளுக்கு எவ்வளவு நெல் என்ற கணக்கு எல்லாம் உண்டு. மருத்துவரின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். மூலிகை கொண்டுவருகிறவர்களும் நோயாளியைக் கவனிக்கிற பெண்களும் அந்தக் கல்லில் வெறும் எண்ணிக்கை.

ராஜராஜனின் (985–1014) தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வருகிறது. நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. 'தீண்டாச்சேரி' என்கிற சொல்லும் அங்கே வருகிறது. சங்கப் பாட்டில் பந்தலும் பச்சைக் காயும் பிள்ளைகளுமாக உயிரோடு நின்ற குடியிருப்புகள், இங்கே சுடுகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கணக்குச் சொல்லாக நிற்கின்றன. நான் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கச் சொல்வது அழுவதற்காக இல்லை. ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று வந்திருக்கிறது என்றால், நடுவில் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதற்கும் பிறகு வருவது மதுராந்தகம் கதை. 1790-களின் கடைசியில் செங்கல்பட்டு ஜாகீருக்குக் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ் துரை, மழையில் ஏரி உடையுமோ என்று பயந்து ராத்திரியில் பார்க்கப் போனாராம். கரைமேல் வில்லும் அம்புமாக இரண்டு பேர் நின்றார்களாம். அது ராமரும் லட்சுமணருமாம். ஏரியும் உடையவில்லையாம். கோயிலுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். துரையின் தர்மத்தைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே இருக்கிறது.

பக்தியைக் கேலி செய்வது என் வேலை இல்லை. ஆனால் கரையைக் காப்பது என்றால் என்னவென்று தெரிந்த வீட்டில் பிறந்தவன் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம். அடைமழை ராத்திரியில், ஏரி நிரம்பித் ததும்பும்போது, கரைமேல் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றால் அது யாராக இருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்க அந்தத் துரைக்குத் தோன்றவில்லை. கதை சொன்னவர்களுக்கும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் கரையில் நிற்கிறவனை ஒரு ஆளாகவே அவர்கள் கண்கள் பார்த்துப் பழகவில்லை. ஆள் இல்லாத இடத்தில் கடவுளைப் பார்ப்பது சுலபம்.

4

எங்க தாத்தா கம்புகட்டி. மதகைத் திறக்கிறதும் அடைக்கிறதும் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணி என்று பார்க்கிறதும் அவர் வேலை. அறுப்புக்கு அறுப்பு களத்துமேட்டில் ஒரு கட்டு நெல் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் படுக்க மாட்டார். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையிலேயே இருப்பார். நண்டு வளை எங்கே இருக்கிறது, எலிப் பொந்து எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் கரை 'வேர்க்குது' என்று காலால் மிதித்தே சொல்வார் என்பார்கள். கரை கசிந்தால் சேரிக்குத்தான் முதலில் ஆள் வரும். மண்மூட்டை, வைக்கோல், தழையோடு ஆம்பளையும் பொம்பளையும் ஓட வேண்டும். உடைந்தால் முதலில் போவதும் சேரிதான், பள்ளத்தில் இருக்கிறது.

சித்திரையில் தண்ணி வற்றும்போது மீன் ஏலம். ஏலம் விடுகிற இடம் ஊருக்குள்ளே, கோயில் முன்னால். அங்கே எங்க சனம் போய் நின்று கேட்க முடியாது. ஏலம் எடுத்தவர் வலை போடுகிறவர்களைக் கூட்டிவந்து கொரவையும் கெண்டையும் விராலும் அள்ளிக்கொண்டு போவார். கடைசியில் சேறு மட்டும் நிற்கும்போது "போய்ப் பொறுக்கிக்கங்கடா" என்று கையைக் காட்டுவார்கள். அந்தச் சேற்றில் இறங்குவதுதான் எங்களுக்குத் திருவிழா. எங்க ஆயா முட்டிவரை சேற்றில் நின்று கையாலேயே கெளுத்தியைப் பிடித்து முந்தானையில் போட்டுக்கொள்வாள். முள் குத்தினால் ரத்தம் வரும். வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு மறுபடியும் கையை விடுவாள்.

ஒருநாள் கேட்டேன்: "ஏன் ஆயா, ஏரிய காவ காக்கிறது தாத்தா. மீனு மட்டும் ஏன் அவங்களுக்கு?"

"ஏரிய யாருடா காக்கிறது? மழ பேஞ்சா அது ரொம்புது. அதுக்குன்னு ஒரு ஆளு கெடந்து சாவுது. காத்தாத்தான் மீனுன்னா, உங்க தாத்தா செத்தப்பறம் நான் இன்னா துன்றது? பசிக்குது, துன்றோம். அவனுக்கும் பசி, நமக்கும் பசி. இதுல இன்னா அவனுது நம்மளுது?"

அப்போது எனக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. கோபமான பதிலை எதிர்பார்த்தேன். ஆனால் உரிமையைப் பற்றி நான் பிறகு புத்தகங்களில் படித்ததில் பாதி இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

5

பாட்டில் கரையைக் காத்த வலைஞர், எங்க தாத்தாவின் முன்னோர் என்று சொல்லிவிட ஆசை வராதா? வரும். கம்பும் கரையும் ஒன்றாக இருக்கின்றன. சொன்னால் யாரும் வந்து மறுக்கவும் முடியாது. இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன். நான்கு காரணங்கள்.

முதலாவது, அது நிரூபிக்க முடியாதது. பாட்டு தொழிலைச் சொல்கிறது, இன்றைய சாதியைச் சொல்லவில்லை. இடையில் பஞ்சம், படையெடுப்பு, குடிபெயர்ப்பு, கலப்பு. ஏரியில் வலைபோட்டு வாழ்கிற செம்படவர் வந்து 'அது நாங்கள்' என்றால் அவர்களுக்கு என்னைவிட வாதம் அதிகம். புதைகுழியில் கிடக்கிற எலும்பு, தன் சாதி என்னவென்று சொல்லாது. சொல்லாதது நல்லதுக்குத்தான்.

இரண்டாவது, 'நாங்கள்தான் முதல்' என்கிற வாதம் இந்த மண்ணில் ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்தப்பட்டிருக்கிறது, நமக்கு எதிராக. செங்கல்பட்டு மிராசுதார்கள் வெள்ளைக்காரனிடம் என்ன சொன்னார்கள்? தொண்டைமான் சக்கரவர்த்தி காலத்தில் குறும்பரை அடக்கி, காட்டை வெட்டி, இந்தப் பூமியில் குடியேற்றப்பட்டவர்கள் நாங்கள், அதனால் காணியாட்சி எங்களுடையது என்றார்கள். எல்லிஸ் துரை மிராசு பற்றி எழுதியதில் இந்தக் கதை இருக்கிறது. அந்தப் 'பழமை'யின் பலன் என்ன என்பதை 1891-இல் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதினார். உழுகிறவனுக்கு நிலம் இல்லை. அவன் குடிசை போட்டிருக்கிற சேரி மனைகூட மிராசுதாருடையது என்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் மனையிலிருந்து விரட்டலாம். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30-இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. அந்த நிலத்தை மீட்கப் போராடித்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். முதலில் வந்தவன் சொந்தக்காரன் என்கிற தத்துவத்தின் அடியில் எத்தனை பிணம் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டு அந்தத் தத்துவத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, அது இன்றைக்கு யாரை வெளியே தள்ளும்? ஏரிக்கரைப் புறம்போக்கில் இருளர் இருக்கிறார்கள். கொத்தடிமையாகக் கிடந்த அரிசி ஆலைகளிலிருந்து மீட்கப்பட்டு வந்த குடும்பங்களும் அவர்களில் உண்டு. இரண்டு தலைமுறைக்கு முன்னால் அவர்கள் வேறு ஊரில் இருந்திருக்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா பிள்ளைகள் தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்து, ஞாயிற்றுக்கிழமை ஏரியில் தூண்டில் போடுகிறார்கள். 'இவன் எந்த ஊர்க்காரன்' என்று கேட்க நம் வாயும் பழகிவிட்டால், நம்மைக் கேட்டவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

நான்காவது காரணம் மகாத்திலிருந்து வருகிறது. 1927 மார்ச் 20-இல் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். பம்பாய் சட்டசபைத் தீர்மானம் 1923-லேயே வந்துவிட்டது. நகரசபையும் அதை ஏற்றிருந்தது. ஆனாலும் அடித்தார்கள், பிறகு வழக்குப் போட்டார்கள். அவர்கள் வாதம், தீண்டத்தகாதவர்களை இந்தக் குளத்தில் விடாதது நினைவுக்கெட்டாத காலத்து வழக்கம் என்பது. பத்து வருஷம் வழக்கு நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. எதனால்? அந்த வழக்கம் அவ்வளவு பழமையானது என்று எதிர்த்தரப்பு நிரூபிக்கவில்லை என்பதால். நிரூபித்திருந்தால்தான் அது நியாயமான வழக்கமா, பொதுநலனுக்கு விரோதமா என்று பார்க்க வேண்டியிருந்திருக்கும் என்று நீதிபதி அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டார்.

நாம் ஜெயித்தோம். ஆனால் ஜெயித்த காரணத்தைப் பாருங்கள். அநியாயம் போதிய அளவு கிழடாகவில்லை என்பதால் ஜெயித்தோம்! ஒரு பழைய ஓலையோ கல்வெட்டோ அவர்கள் கையில் கிடைத்திருந்தால்? ஆயிரம் வருஷ வழக்கம் என்று காட்டியிருந்தால், தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது குற்றமாகியிருக்குமா? நமது மனச்சாட்சி 'ஆகாது' என்று சொல்கிறது அல்லவா? அப்படியென்றால் பழமை அவர்களுக்கும் உரிமை தராது, நமக்கும் தராது. ஒரே தராசில்தான் இரண்டு பேரையும் நிறுத்த வேண்டும்.

6

ஒரு தோழர் கேட்கலாம்: "அப்போ வரலாறே வேணாமா? அயோத்திதாசப் பண்டிதர் பூர்வ பௌத்தர்னு சொன்னது வீணா? ஆதி திராவிடர்னு 1922-ல அரசாணை வாங்கினது வீணா?"

வீணே இல்லை. வாய்க்கு வாய் இழிபெயர் சொல்லிக் கூப்பிட்ட காலத்தில், 'எனக்கு வேறு பெயர் உண்டு, வேறு கதை உண்டு' என்று எழுந்து நின்றதே பெரிய காரியம். அந்தக் கதை நம் முதுகை நிமிர்த்தியது. ஆனால் அந்தக் கதைக்குள் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தீண்டாமைக்கு ஒரு தொடக்கம் உண்டு என்று பண்டிதர் சொன்னார். 'தீண்டத்தகாதவர்கள்' (1948) நூலில் அம்பேத்கர் அதற்கு ஒரு காலத்தையே குறிக்க முயன்றார், ஏறத்தாழ கி.பி. 400 என்று. அந்தத் தேதியை ஆய்வாளர்கள் ஏற்கலாம், மறுக்கலாம். தேதி போட்டுப் பார்த்த செயலில்தான் புரட்சி இருக்கிறது. தொடக்கம் உள்ள எதற்கும் முடிவு உண்டு. கடவுள் படைத்தது என்றால் நாம் என்ன செய்ய முடியும்? மனிதன் செய்தது என்றால் மனிதன் கலைக்கலாம்.

வரலாற்றையும் தொல்லியலையும் நாம் இதற்குத்தான் கேட்கிறோம். 'நாங்கள் முதலில் வந்தோம்' என்று பட்டா வாங்க அது உதவாது. 'இது எப்போதும் இப்படி இருந்ததில்லை' என்று காட்ட உதவும். கீழடியில் 2015 முதல் தோண்டினார்கள். இரும்பின் வயது ஐயாயிரத்து முந்நூறு ஆண்டு என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் அறிவித்தார். எல்லாரும் கொண்டாடினோம், நானும்தான். ஆனால் தமிழன் எவ்வளவு பழையவன் என்கிற கேள்வியோடு சேர்த்து, அந்தத் தமிழருக்குள் கரையில் நின்றவன் எப்போது வாரியத்துக்கு வெளியே போனான், குடியிருப்பு எப்போது சேரியாயிற்று என்கிற கேள்வியையும் மண்ணிடம் கேட்க வேண்டும். அதைக் கேட்காத அகழாய்வு, அரண்மனைக்குப் பதிலாகப் பானை ஓட்டைக் கும்பிடுகிற அகழாய்வாகத்தான் இருக்கும்.

சரி, பழமை இல்லையென்றால் உரிமைக்கு எது அடி? உழைப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. கரையைக் காத்தவனுக்கு மீன் சேர வேண்டும் என்றுதான் சின்ன வயதில் நானும் கேட்டேன். அதில் நியாயம் உண்டு. உழைத்தவனை விலக்கிவிட்டு உழைக்காதவன் ஏலம் எடுப்பது திருட்டு என்பதை அது காட்டிவிடும். ஆனால் ஆயா கேட்ட கேள்வி அங்கேதான் வந்து நிற்கிறது. காத்தவன் செத்துப்போனால் அவன் பெண்டாட்டி என்ன தின்பாள்? கால் விளங்காதவன், கிழவி, கைக்குழந்தை, இவர்களுக்கு ஏரியில் பங்கு இல்லையா? உழைப்பையே முழு அளவுகோலாக வைத்தால் வேலை செய்ய முடியாதவனை நாமே ஊருக்கு வெளியே வைத்தவர்களாவோம். ஆகவே உழைப்பு அநியாயத்தை அம்பலப்படுத்தும் சாட்சி. உரிமைக்கு அடி அதற்கும் கீழே இருக்கிறது. இந்த நீரை வைத்து உயிர் வாழ்கிறான், அவன் மற்ற எவனுக்கும் குறையாத மனிதன் என்கிற இரண்டும் போதும். பசி எல்லாருக்கும் ஒன்று என்று ஆயா சொன்னது இதைத்தான்.

சட்டம்கூட ஒரு இடத்தில் இதற்குக் கிட்டே வந்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் யார் என்று சொல்லும்போது, நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று வருஷம் நீர்நிலையை முக்கியமான வாழ்வாதாரமாக வைத்திருந்த மீன்பிடிப்பவர்களையும் படகுக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறது. மூன்று வருஷம்! இரண்டாயிரம் வருஷ ஆதாரம் வேண்டாம், செப்பேடு வேண்டாம், சங்கப் பாட்டு வேண்டாம். நேற்றும் முந்தாநாளும் இங்கே வலை போட்டான், இதை நம்பித்தான் அடுப்பு எரிந்தது, அவ்வளவு போதும்.

எங்கள் பக்கத்தில் இது ஏட்டுப் பேச்சு இல்லை. 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் அதை எதிர்த்து இரவுப் போராட்டம் நடத்தினார்கள், கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். அந்த வரைபடத்துக்குள் வயல்கள் மட்டுமா இருக்கின்றன? ஏரிகளும் தாங்கல்களும் கம்பன் கால்வாயும் இருக்கின்றன. வயலுக்குப் பட்டா உண்டு, விலை பேசலாம். ஏரிக்குப் பட்டா இல்லை, அது அரசாங்கத்தின் பெயரில் நீர்நிலைப் புறம்போக்கு. அந்த ஏரியில் நத்தை பொறுக்கியவளுக்கும் நண்டு பிடித்தவனுக்கும் கரையில் மாடு மேய்த்தவனுக்கும் என்ன காகிதம் இருக்கிறது? 2015 வெள்ளத்துக்குப் பிறகு நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று சொல்லிக் குடிசைகளைப் பிடுங்கினார்கள். அதே ஏரியைத் திட்டம் என்ற பெயரில் மூடினால் அதற்குப் பெயர் வளர்ச்சி. ஒருவன் கரையில் படுத்தால் ஆக்கிரமிப்பு, ஒருவன் ஏரியையே நிரப்பினால் முதலீடு.

அதனால் நம் கோரிக்கைகளை நாம் திருத்தமாகச் சொல்ல வேண்டும். ஏரி மீனைக் குத்தகைக்கு விடும்போது, கரையில் வாழ்கிறவர்களுக்கு, சாதி பாராமல், வந்த வருஷம் பாராமல் முதல் வாய்ப்பு வேண்டும். ஏலம் கோயில் முன்னால் நடக்கக் கூடாது, எல்லாரும் வந்து நிற்கக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும். ஏரியை எடுக்கிற எந்தத் திட்டமும் முதலில் அந்த ஏரியை வைத்துப் பிழைக்கிறவர்களின் பட்டியலை எழுத வேண்டும், பட்டா இருக்கிறவர்களின் பட்டியலை மட்டுமல்ல. அகழாய்வு அறிக்கையில் மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் இருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் பானைக்குப் பக்கத்தில், அந்தப் பானையைத் தோண்டி எடுத்தவளின் பெயரையும் ஒரு வரியில் எழுதி வைக்கலாம். ஆயிரம் வருஷம் கழித்துப் படிக்கிறவனுக்கு அது உதவும்.

கரையைக் காத்தவன் யார் என்று கேட்டுத் தொடங்கினேன். அவன் எந்தச் சாதி, எந்தக் குலம், எப்போது வந்தவன் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. மழை ராத்திரியில் அங்கே ஒரு மனிதன் நின்றான். அவனை மனிதன் என்று எழுத மறுத்தார்கள். அதை எழுதுவோம். அடுத்த ஐப்பசியில் கரையில் நிற்கப் போகிறவன் ஒடிசாக்காரனாக இருந்தாலும், இருளனாக இருந்தாலும், மீன் ஏலத்தில் அவனும் நம்மோடு நின்று கேட்கட்டும்.